எண்ணுக்கு இடது பக்கம் ஒரு கோடு

ஸ்கேன் மெஷினில் தாளை நுழைத்ததும் திரையில் முதலில் ஒரு கேள்வி வரும். எந்த வகையில் சேமிக்க வேண்டும் என்று கேட்கும். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் யாரும் அதைப் பார்ப்பதே இல்லை. முன்னால் யார் எதை வைத்துவிட்டுப் போனார்களோ அதற்கே ஓகே கொடுத்துவிட்டு அடுத்த தாளை எடுக்கிறீர்கள். போன வாரம் கடைக்கு வந்தபோது உங்கள் பின்னால் நின்று பார்த்தேன். சொல்லத்தான் நினைத்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. இத்தனை வருஷம் வேலை செய்த கடையிலேயே வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு கடலூர் வந்து இந்தக் கடையில் சேர்ந்தேன். முதலில் ஜெராக்ஸ், பிறகு கட்டட பிளான்களுக்குப் பெரிய தாளில் பிரிண்ட், பிறகு இந்த ஸ்கேன் மெஷின். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனிக் குனிந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நின்றுவிட்டேன். இப்போது தேவனாம்பட்டினம் போகும் சாலையில் மனைவியோடு இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கிரைண்டர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பழைய வேலைதான் நினைவுக்கு வரும். அரிசியை மாவாக்கலாம். மாவை எந்த மெஷினில் போட்டாலும் அரிசி வராது. நம் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதுதான்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு நாள் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் கடைக்கு வந்தார். கையில் போன், போனில் ஒரு வீட்டுப் பிளான்.

"அண்ணே, இத்த கொஞ்சம் பெருசாப் போட்டுக் குடுங்க. மாடிப்படி அகலம் மூணடியா எட்டடியான்னே தெரியல."

கல்லாவில் இருந்தவர் நம் முதலாளி. என் மனைவியின் தம்பி. நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாமா என்பார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"எட்டடி மாடிப்படியில இன்னா, தேரா இழுக்கப் போறீங்க?" என்றார்.

"நான் எங்கங்க இழுக்கறேன். வீட்டுக்காரர் துபாய்ல இருக்காரு. பிளான்ல இருக்கறபடியே கட்டணும்னு ஒரே புடியா நிக்கிறாரு."

அந்தப் பிளான் வந்த வழியைக் கேட்டுப் பார்த்தேன். கடலூர் என்ஜினியர் துபாய்க்கு அனுப்பியிருக்கிறார். துபாய்க்காரர் அதைப் போட்டோவாக வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்பியிருக்கிறார். மனைவி தன் அண்ணனுக்கு, அண்ணன் கொத்தனாருக்கு. ஒவ்வொரு கையிலும் அது கொஞ்சம் சிறுத்திருக்கிறது. திரையில் பெரிதாக்கினேன். எண்ணைச் சுற்றித் தேங்காய்த் துருவல் உதிர்ந்தது போல ஒரு சாம்பல் படலம்.

"இதுக்கு மேல வராதுங்க" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் தெளிவாக்கிடலாம்னு சொல்றாங்களேண்ணே?"

"இருக்கறதத் தெளிவாக்கலாம். இல்லாதத நான்தான் எழுதணும். நான் எழுதினா அது அவுரு வீடு இல்ல, என் வீடு."

அவருக்குக் கோபம். ஆனாலும் வெளியே போய் என்ஜினியருக்குப் போன் செய்து, போட்டோவாக வேண்டாம், கோப்பாகவே அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினார். திறந்து பார்த்தோம். மூன்றும் இல்லை, எட்டும் இல்லை. மூன்றரை. அந்த அரை எங்கள் யார் கண்ணிலும் படவே இல்லை. மங்கிப்போன எண்ணைப் பார்த்தால் சந்தேகமாவது வரும், கேட்போம். மறைந்துபோனதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

போனில் போட்டோவைச் சேமிக்கும் வகைக்கு ஜேபெக் என்று பெயர், அது கெட்ட வகை என்று நான் சொல்லவில்லை. முகத்துக்கும் கோபுரத்துக்கும் கடலுக்கும் அது போதும். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, மனிதக் கண் கவனிக்காது என்று தோன்றுவதை அது விட்டுவிடும். கோப்பு சிறிதாவது அப்படித்தான். கல்யாணப் போட்டோவில் சேலை நிறம் ஒரு சாயல் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. வரைபடத்தில் இருப்பதோ எல்லாம் மெல்லிய கோடு. கோடும் எண்ணும் இருக்கும் தாள், நமக்குப் பிறகும் வேண்டிய தாள் என்றால், ஒன்றையும் விடாத வகையில் வையுங்கள். டிஃப் வையுங்கள், பி.என்.ஜி. வையுங்கள். கோப்பு பெரிதாகும். ஆகட்டும்.

எனக்கு இந்த மெஷினைப் பழக்கியவர் ஒருவர் நம் கடையில் இருந்தார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. முன்கோபக்காரர். ஆயுத பூஜை அன்று நாமெல்லாம் மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம் இல்லையா, அதற்கு முன்னால் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து காட்டச் சொல்வார். திறந்தால்தான் கற்பூரம்.

"நேரமாகுது, சாமிக்குக் காட்டிட்டு அப்பறம் பாக்கலாமே" என்று மச்சான் கெஞ்சுவார்.

"சாமி எங்கயும் போவாது. கோப்பு போயிடும்."

அவருடைய கோபத்துக்குக் காரணம் உண்டு. ஏதோ ஓர் ஆலையின் வரைபடங்கள் முழுவதையும் அவர் முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு மென்பொருளின் சொந்த வகையிலேயே சேமித்திருந்தார்கள். அந்த மென்பொருளைத் தவிர வேறு எதிலும் அது திறக்காது. அந்த மென்பொருளைச் செய்த கம்பெனி மூடிவிட்டது. கம்ப்யூட்டர் மாறியது. கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. "பூட்டு இருக்கு, சாவி செஞ்சவன் ஊர வுட்டே போயிட்டான்" என்பார். பலரும் பல மென்பொருளில் திறக்கக்கூடிய வகையாகத் தேர்ந்தெடு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார் என்பது அவர் போட்ட உத்தரவு. அவர் வேலையை விட்டுப் போன பிறகும் நான் அதை விடவில்லை.

இனிச் சிதம்பரத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே ஓர் அலுவலகம். எது என்று வேண்டாம். கடலோரத்து வடிகால்கள், தண்ணீரைக் கடலுக்குத் திறந்துவிடும் மதகுகள், இவற்றின் வரைபடங்கள் ஓர் அறை நிறைய இருந்தன. சில துணியில் வரைந்தவை, சில நீல பிரிண்ட். மழை ஒழுகி, கரையான் தொட்டு, இனி ஒரு மழைக்காலம் தாங்காது என்ற நிலை. எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டு, தாள்களைப் பழைய பேப்பர் வாங்குபவருக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவாகி, ஏலமும் முடிந்திருந்தது. நாங்கள் முடித்தவுடன் லாரி வரும். ஆகவே நாங்கள் எதைச் சேமிக்கிறோமோ அதுதான் மிஞ்சும். பிறகு சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கத் தாள் இருக்காது.

மெஷினை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போய் அங்கேயே கூடத்தில் வைத்தோம். இணையத்தில் ஏற்ற வேண்டுமானால் கோப்பு சின்னதாக இருக்க வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மச்சான் மெஷினிலேயே ஜேபெக் என்று வைத்தார், அதிலும் மிகச் சிறியது. தாளின் பழுப்பை வெளுத்துக் காட்டும் பொத்தானையும் போட்டுவிட்டார்.

"மச்சான், மொதல்ல டிஃப்ல எடுத்து வச்சுக்கலாம். அதுலேர்ந்து சின்னதா ஒண்ணு எடுத்து ஏத்திக்கலாம்" என்றேன்.

"மாமா, அவுங்க கேட்டது ஒண்ணு. நீங்க ரெண்டு குடுக்கறேங்கறீங்க. டிஃப்ல போனா மெஷின் ஆமை மாதிரி நவுரும். லாரிக்காரன் நாள் குறிச்சுட்டான். இன்னா பண்ணச் சொல்றீங்க?"

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. வேலை அவர் பெயரில் எடுத்தது. தாமதமானால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நான் தாள்களை நுழைத்தேன்.

எனக்கு ஒரு பழக்கம். ஸ்கேன் ஆன தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, தாளில் ஒரு விரல், திரையில் ஒரு விரல் என்று ஓட்டிக்கொண்டே போவேன். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. எண்கள் தெரியும். மற்ற எழுத்தெல்லாம் எனக்குக் கோலம் மாதிரி. கோலம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். ஒரு மதகின் படத்தில் விரல் நின்றது. தாளில் ஓர் எண்ணுக்கு இடது பக்கம் பென்சிலில் சின்னதாக ஒரு கோடு இருந்தது. திரையில் எண் மட்டும் இருந்தது.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"ஈ உக்காந்த கறை மாமா. மெஷின் நல்ல வேலை பண்ணியிருக்கு, தொடச்சுட்டுது."

"கோடு மாதிரி இருக்கே மச்சான்."

"ஈ நடந்துகினே போயிருக்கும். வுடுங்க மாமா."

விட்டேன். அடுத்த மதகின் படத்திலும் அதே போல, எண்ணுக்கு இடது பக்கம், அதே நீளத்தில். அடுத்ததிலும். அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. எண்ணுக்கு முன்னால் கோடு போட்டால் கழித்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைத்தானே கழிக்க முடியும். வெறும் எண்ணுக்கு முன்னால் கோடு போட்டால் எதிலிருந்து கழிப்பது? அந்தப் பாடம் ஆறாம் வகுப்பில்தான் வருமாம். நான் அதுவரை போகவில்லை.

சாயங்காலம் மறுபடி மச்சானிடம் போய் நின்றேன். வாயைத் திறந்து கேட்டது இவ்வளவுதான்: "டிஃப்ல எடுக்கலாம் மச்சான்."

"எடுக்கலாம்" என்றார். எனக்கு ஆச்சரியம். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். கொஞ்ச நேரத்தில் திரும்பி, "இந்தாங்க, அத்தினியும் டிஃப் ஆயிடுச்சு. சந்தோசமா?" என்றார். ஏற்கனவே எடுத்த ஜேபெக் கோப்புகளையே டிஃப்பாக மாற்றிவிட்டிருந்தார். கோப்புகள் நன்றாகப் பெருத்திருந்தன. திறந்து, எண்ணுக்கு இடது பக்கம் பார்த்தேன். கோடு வரவில்லை. எங்கிருந்து வரும்?

இதை நன்றாகக் கவனியுங்கள், நாளைக்கு உங்களையும் இப்படித்தான் சமாதானப்படுத்துவார்கள். போனது போன பிறகு பெயரை மாற்றி ஒரு பயனும் இல்லை. இன்னொன்றும் உண்டு. டிஃப் என்று பெயர் இருக்கும், உள்ளே ஜேபெக் முறையிலேயே சுருக்கி அடைத்திருக்கும். அதற்கும் ஒரு கட்டம் திரையில் இருக்கிறது, நீங்கள் அதையும் பார்ப்பதில்லை. இழப்பில்லாமல் அடைக்கும் முறையைத் தேடிப் போடுங்கள். தெரியாவிட்டால் எதையும் அடைக்காமல் விடுங்கள்.

மறுநாள் காலையில் நாங்கள் போய் இறங்கும்போதே லாரி நின்றிருந்தது. குறித்த நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஸ்கேன் முடிந்த கட்டுகள் வண்டி நிறுத்தும் கொட்டகையில் அடுக்கியிருந்தன. அந்த மதகுப் படங்களும் அதில்தான் இருந்தன. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் கட்டுகளைத் தூக்க வந்தார்கள்.

யாரிடம் போய் என்ன சொல்வது? மச்சானிடம் சொல்லியாகிவிட்டது. அதிகாரிகளிடம் போய் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். அந்தக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணாத்த, எழுந்திரி. லோடு ஏத்தணும்" என்றார் முதல் ஆள்.

நான் இரண்டு கையாலும் கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"காது கேக்கலியா?"

"கேக்குது."

"அப்ப எழுந்திரி."

"மாட்டேன்."

இரண்டாவது ஆள் சிரித்தார். "சாமி கீமி வந்துருச்சா உனுக்கு?" பிறகு தன் கூட்டாளியிடம், "கட்டோட சேத்துத் தூக்கிப் போட்றா, எடை ஜாஸ்தி வரும்" என்றார்.

அலுவலகத்து ஆட்கள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. கூச்சப்படுகிறவனால் சண்டை போட முடியாது என்று நினைக்கிறார்கள். கத்த முடியாதுதான். ஓர் இடத்தில் அசையாமல் இருக்க முடியும். அதற்கு வாய் தேவையில்லை.

மச்சான் ஓடி வந்தார்.

"மாமா, மானத்த வாங்காதீங்க. எழுந்திருங்க. இல்லாங்காட்டி அக்காவுக்குப் போன் போடுவேன்."

"போடு."

போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வேறு போட்டார். "அக்கா, உங்க வூட்டுக்காரரு இங்க பேப்பர் கட்டு மேல குந்திகினு எழுந்திருக்க மாட்டேங்கறாரு. நீ ஒரு வார்த்த சொல்லு."

பிறகு என் மனைவியின் குரல் வந்தது. "அவரு உக்காந்துட்டாருன்னா நான் சொன்னாலும் எழுந்துக்க மாட்டாருடா. காலையில சாப்ட்டாரான்னு கேளு."

லோடு ஏற்ற வந்தவர்கள் சிரித்த சிரிப்பு தெரு வரை கேட்டிருக்கும். அந்தச் சிரிப்பு சத்தத்தில்தான், அப்போது ஸ்கூட்டரில் வந்து இறங்கிய உதவிப் பொறியாளர் மேடம் எங்கள் பக்கம் திரும்பினார். அந்த வரைபடங்களுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். சின்ன வயது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "என்ன ஆச்சு இங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. உட்கார்ந்தபடியே கட்டிலிருந்து மதகுத் தாள் ஒன்றை உருவினேன். அதே படத்தை ஸ்கேனிலிருந்து முந்தின நாளே பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். இரண்டையும் நீட்டினேன். எண்ணுக்கு இடது பக்கம் விரலை வைத்தேன்.

மச்சான் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல மேடம், ஈ உக்காந்த கறை. மெஷின் க்ளீன் பண்ணிடுச்சு, அதுக்குப் போயி இவுரு..."

"எல்லா ஈயும் எண்ணுக்கு எடது பக்கமேவா உக்காரும்?" என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. லோடு ஆட்கள் மறுபடி சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி லாரியின் படியில் வைத்துவிட்டு இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணா, இது என்னன்னு தெரிஞ்சுதான் உக்காந்தீங்களா?"

"தெரியாது மேடம். அங்க இருந்துச்சு. இங்க இல்ல."

"இது மைனஸ்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே செருப்பு முனையால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். "இது கடல் மட்டம்னு வச்சுக்குங்க. இதுதான் பூஜ்யம். இதுக்கு மேல இருந்தா வெறும் எண்ணு போடுவாங்க. கீழ இருந்தா முன்னாடி கோடு போடுவாங்க. இந்த மதகோட அடிமட்டம் கடலுக்குக் கீழ இருக்கு. கோடு போச்சுன்னா கடலுக்கு மேல வந்துடும். நாளைக்கு யாராவது இந்தப் படத்தப் பாத்து மதகத் திருப்பிக் கட்டினா, அடி ஒசந்துடும். மழைத் தண்ணி வெளிய போவாது. நெல்லெல்லாம் தண்ணிக்குள்ள நிக்கும்."

கம்மாபுரத்துக்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் நிலம் நிலமாகத்தான் இருந்தது. கடல் மட்டத்துக்குக் கீழேயும் ஒரு மதகின் அடி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மேட்டு ஊர்க் கட்டடங்களின் படத்தில் இந்தக் கோடே வராது, அங்கே ஈ கதையை நம்பினால் ஒரு கேடும் இல்லை. நமக்கு வரும் தாள்கள் கடலோரத்துத் தாள்கள். இங்கே அந்தக் கோடு இல்லாவிட்டால் ஊரே இடம் மாறிவிடும்.

மச்சானும் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் மறுபடி எடுக்கலாம் மேடம்" என்றேன்.

"முடியாது அண்ணா. ஏலம் முடிஞ்சுட்டுது, கையெழுத்துப் போட்டாச்சு. லாரிய அனுப்ப மாட்டேன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. சாயங்காலம் வரைக்கும் நிக்க வைக்கலாம், அவ்வளவுதான்."

"எல்லாமே வேணுமே."

"எல்லாம் வேணும்னு நின்னா ஒண்ணும் மிஞ்சாது. கடலப் பாத்த மதகுங்கள மொதல்ல எடுப்போம். மைனஸ் அதுலதான் இருக்கும். மேட்டுப் பக்கத்து வாய்க்கால் படமெல்லாம் அப்பறம், நேரம் இருந்தா."

அந்த நேரத்தில் நான் முரண்டு பிடித்திருந்தால் அந்த மதகுப் படங்களும் போயிருக்கும். எதை விடுவது என்று முடிவு செய்கிற துணிச்சல் எனக்கு இல்லை. அவருக்கு இருந்தது. அவரே கட்டுகளைப் பிரித்துத் தாள்களைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வைத்தார். லாரி டிரைவர் முணுமுணுத்தபோது, "உங்களுக்கெல்லாம் மதிய சாப்பாடு நான் வாங்கித் தரேன், இருந்து சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். அவர்கள் மர நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

நான் மெஷினிடம் போனேன். திரையில் அதே கேள்வி. டிஃப் என்று வைத்தேன். இழப்பில்லாமல் அடைக்கும் முறை. வெளுக்கிற பொத்தானை எடுத்துவிட்டேன். கறுப்பு வெள்ளை வேண்டாம், வண்ணத்தில் போகட்டும் என்று வைத்தேன். தாள்களில் சிவப்புப் பென்சிலில் திருத்தங்கள் இருந்தன. கறுப்பு வெள்ளையில் எடுத்தால், வரைந்தது எது, பிறகு திருத்தியது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மெஷின் ஆமை மாதிரிதான் நகர்ந்தது. அகலமான துணித் தாளை ஓர் ஆளால் சுருக்கமில்லாமல் நுழைக்க முடியாது. நான் ஒரு பக்கம் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தபோது மறுபக்கத்தை ஒரு கை பிடித்தது. மச்சான்தான்.

"கறையெல்லாம் அப்பிடியே தெரியுது மாமா. அசிங்கமா இருக்கு" என்றார் திரையைப் பார்த்து.

"தெரியட்டும்."

"ஈ உக்காந்தது கூடத் தெரியுது."

"அதுவும் இருக்கட்டும் மச்சான். எது ஈ, எது என்ஜினியருன்னு பின்னால வரவங்க பாத்துக்குவாங்க."

கடலோரத்து மதகுகள் எல்லாம் முடிந்தன. மேட்டுப் பக்கத்தில் கொஞ்சம்தான் எடுக்க முடிந்தது. வெயில் தாழ்ந்ததும் டிரைவர் வண்டியை எடுத்தார். மீதிக் கட்டுகள் அதில் போயின. அவை ஜேபெக்காகத்தான் இணையத்தில் இருக்கின்றன, வெளுத்து, அழகாக. அவற்றில் என்னென்ன போயிற்று என்று எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. கிடைத்ததை நினைத்துத் திருப்தியடை என்று பலர் சொன்னார்கள். நான் திருப்தியடையவில்லை. முதல் நாளே அந்தத் திரையில் ஒரு பதிலை மாற்றி வைத்திருந்தால் எல்லாமே இருந்திருக்கும். இதை யார் முன்னாலும் சொல்வேன். எழுதியாவது சொல்வேன்.

டிஃப் கோப்புகள் இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று அந்த மேடத்தின் அலுவலகத்து அலமாரியில். இன்னொன்று, அவர் சொன்னபடியே, நம் கடையில், சாமி படத்துக்குக் கீழே இருக்கும் டிராயரில். அதன் பிறகு ஆயுத பூஜை அன்று நான் திறந்து பார்ப்பது அந்த டிஸ்க்கைத்தான். கடை வேலையை விட்ட பிறகும் அந்த ஒரு நாள் போய்விடுவேன். மதகுப் படத்தைத் திறந்து, எண்ணுக்கு இடது பக்கம் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வருவேன்.

"அதத் தொறந்து பாக்கச் சொல்லி இதுவரைக்கும் எவனாவது வந்தானா மாமா?" என்று மச்சான் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

"வரல."

"அப்பறம் எதுக்கு?"

"எவனாவது வர வரைக்கும் அது இருக்கணுமில்ல."

அன்று நடந்ததிலிருந்து கடையில் ஒரு பேச்சு உண்டு. யாராவது ஒரு வேலையைச் செய்ய மாட்டேன் என்று அடம்பிடித்தால், "மாமா மாதிரி உக்காந்துட்டான்" என்பார்கள். நீங்களும் அப்படிப் பேசிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் தாள் போகப்போகிறது, சின்னதாகப் போடு, சுத்தமாகப் போடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நாள் உங்களிடமும் சொல்வார்கள். சொல்கிறவர் கெட்டவராக இருக்க மாட்டார். அவசரத்தில் இருப்பார், அவருக்கும் மேலே ஒருவர் அவசரப்படுத்துவார். எதிர்த்துப் பேசத் தெரிந்தால் பேசுங்கள். தெரியாவிட்டால் உட்காருங்கள்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மாவு வியாபாரம் முடித்துக் கடைக்கு வர எனக்கு நேரமாகிவிட்டது. நான் உள்ளே நுழையும்போதே கற்பூர வாசனை. பொரியும் கடலையும் தட்டில் வைத்துக்கொண்டு மச்சான் வாசலுக்கே வந்தார்.

"மாமா, நானே தொறந்து பாத்துட்டேன். கோடு இருக்கு. வாங்க, பொரி சாப்புடுங்க."

கம்ப்யூட்டரை மறுபடி போடச் சொன்னேன். கோப்பைத் திறந்து, விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் தட்டைக் கையில் வாங்கினேன்.